லெசோத்தோ எப்படித் தனி நாடாகத் தப்பித்தது?

கேள்வி இதுதான்: தென்னாப்பிரிக்காவின் வரைபடத்தைப் பார்த்தால் நடுவில் எலி கடித்த ஓட்டை மாதிரி லெசோத்தோ என்று ஒரு நாடு இருக்கிறதே, அதை எப்படி விட்டுவைத்தார்கள், ராஜா ஆட்சி என்கிறார்களே அது உண்மையா, கடலும் இல்லாமல் வயலும் இல்லாமல் எதை வைத்துப் பிழைக்கிறார்கள்?

கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டும். பெயரிலேயே குழப்பம் இருப்பதால் அதிலிருந்து ஆரம்பிக்கிறேன். எழுதுவது லெசோத்தோ, அந்த ஊர்க்காரர்கள் உச்சரிப்பது கிட்டத்தட்ட "லெசூத்து". ஒரு ஆள் என்றால் மொசோத்தோ, பலர் என்றால் பசோத்தோ, அவர்கள் பேசும் மொழி செசோத்தோ. வெள்ளைக்காரர்கள் காலத்தில் இதற்கு பசுட்டோலாந்து என்று பெயர். இதை மனதில் வைத்துக்கொண்டால் இந்த நாட்டைப் பற்றி எங்கே படித்தாலும் தடுமாற மாட்டீர்கள். இன்னொன்று, இதை எஸ்வாட்டினியோடு (பழைய ஸ்வாசிலாந்து) போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதுவும் குட்டி ராஜ்ஜியம்தான், அதற்கும் கடல் கிடையாது, ஆனால் அதற்கு மொசாம்பிக் பக்கம் ஒரு எல்லை உண்டு. அங்கே மூன்றாம் முஸ்வாட்டி மன்னர் நிஜமாகவே ஆட்சி செய்கிறார், தேர்தலில் கட்சிகளுக்கு இடமில்லை. லெசோத்தோவின் கதை முற்றிலும் வேறு.

பரப்பு 30,355 சதுர கிலோமீட்டர், மக்கள் சுமார் 23 லட்சம் பேர். நாலு பக்கமும் ஒரே நாடுதான் எல்லை. உலகத்தில் இப்படி இன்னொரு நாட்டுக்குள் முழுசாக அடங்கிக் கிடக்கும் நாடுகள் மூன்றே மூன்று. மற்ற இரண்டும், வாத்திகனும் சான் மரினோவும், இத்தாலிக்குள் இருக்கின்றன, அவற்றை நகரம் என்றே சொல்லிவிடலாம். நாடு என்று சொல்லும் அளவுக்கு இருப்பது லெசோத்தோ மட்டும்தான். அப்புறம் உயரம். இந்த நாட்டின் மிகத் தாழ்வான இடமே கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டர். முழு நாடும் ஆயிரம் மீட்டருக்கு மேல் இருப்பது உலகத்தில் இங்கே மட்டும்தான். மேலே போனால் தபானா ன்ட்லென்யானா என்ற சிகரம் 3,482 மீட்டர், ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் இதை மிஞ்ச வேறு மலை கிடையாது. ஜூன், ஜூலையில் பனி கொட்டும், பனிச்சறுக்கு விளையாட இடம் இருக்கிறது. ஆப்பிரிக்கா என்றாலே பாலைவனமும் சிங்கமும் என்று நினைத்துக்கொண்டு போகிறவர் இங்கே குளிரில் நடுங்கிக்கொண்டுதான் நிற்பார்.

சரி, எப்படித் தப்பித்தது? இதற்கு ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மொஷ்வேஷ்வே. 1786 வாக்கில் ஒரு சின்ன ஊர்த் தலைவரின் மகனாகப் பிறந்தவர், இயற்பெயர் லெபோக்கோ. பக்கத்து ஊர்த் தலைவர் ஒருவரின் மாடுகளை இரவோடு இரவாக ஓட்டிக்கொண்டு வந்தபோது, "தாடியை மழிப்பது போல வழித்துக்கொண்டு வந்துவிட்டேன்" என்று பெருமையடித்துப் பாட்டுக் கட்டினாராம், கத்தி தாடியில் "ஷ்வே ஷ்வே" என்று ஓடும் சத்தமே பெயராக நிலைத்துவிட்டது. ஒரு மாட்டுத் திருடனின் பட்டப்பெயர் தேசப்பிதாவின் பெயராகி, இன்று அந்நாட்டின் சர்வதேச விமான நிலையமும் அதே பெயரில் இருக்கிறது, எனக்கு இதில் ஒரு தனி மகிழ்ச்சி.

1820களில் அந்தப் பகுதி முழுக்கக் கலவரம். கிழக்கே ஷாக்காவின் ஜூலு அரசு எழுந்த வேகத்தில் ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தைத் துரத்த, அது மூன்றாவதைத் துரத்த, பஞ்சமும் சேர்ந்துகொண்டு ஊர் ஊராகச் சனங்கள் அகதிகளாக அலைந்தார்கள். பசோத்தோ மக்கள் இதை லிஃபகானே என்பார்கள். 1824இல் மொஷ்வேஷ்வே தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு தாபா போசியு என்ற மலைக்குப் போய்ச் சேர்ந்தார். பெயருக்கு "இரவு மலை" என்று பொருள், இருட்டில் போய் ஏறியதால் அப்படி. இரவில் அந்த மலை வளரும், எதிரி ஏற முடியாத உயரத்துக்குப் போய்விடும் என்று எதிரிகளிடம் கதை கட்டிவிட்டதாகவும் சொல்வார்கள். நிஜத்தில் அது பெரிய உயரமெல்லாம் இல்லை. ஆனால் உச்சி தட்டையானது, மேலேயே ஊற்றுத் தண்ணீர் உண்டு, மாடு மேய்க்க இடம் உண்டு, ஏறி வர சில கணவாய் வழிகள் மட்டும்தான், அங்கே கல்லை உருட்டிவிட ஆள் நின்றால் போதும். அவர் உயிரோடு இருந்தவரை அந்த மலையை யாரும் பிடிக்கவில்லை. 1865இல் லூ வெபெனர் என்ற போயர் (டச்சு வழி வந்த வெள்ளைக் குடியேறிகள்) தளபதி ஏறப் பார்த்து அங்கேயே செத்தார்.

ஆனால் மலை மட்டும் காப்பாற்றியது என்று சொன்னால் அது பாதிக் கதை. அந்த ஆளின் புத்தியைப் பாருங்கள். தாபா போசியுவுக்குப் போகும் வழியில் அவருடைய தாத்தா பீட்டேவை, பஞ்சத்தில் நரமாமிசம் தின்னும் நிலைக்கு வந்துவிட்ட ஒரு கூட்டம் பிடித்துத் தின்றுவிட்டது. அவர்கள் பின்னால் பிடிபட்டபோது எல்லாரும் கொல்லச் சொன்னார்கள். இவரோ, என் தாத்தாவின் சமாதி இவர்கள் வயிறுதானே, சமாதியை எப்படி இடிப்பது என்று சொல்லி, அவர்களுக்குச் சுத்திச் சடங்கு செய்து, நிலம் கொடுத்துக் குடியமர்த்தினார். 1831இல் ன்டெபெலே தலைவர் ம்சிலிகாசியின் படை வந்து மலையில் ஏற முடியாமல் திரும்பியபோது, பசியில் தானே இவ்வளவு தூரம் வந்திருப்பீர்கள் என்று சொல்லி வழிச் சாப்பாட்டுக்குக் கொழுத்த மாடுகளை அனுப்பிவைத்தார். அந்தப் படை அப்புறம் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. எங்கெங்கிருந்தோ ஒன்றுமில்லாமல் வந்தவர்களுக்கு மாடுகளை வளர்க்கக் கொடுப்பார். பால் அவர்களுக்கு, மாடு ராஜாவுக்கு. இதற்கு மாஃபிசா என்று பெயர். பசோத்தோ என்ற இனம் இப்படிச் சேர்ந்ததுதான். பல குலங்களைச் சேர்ந்த அகதிகள் ஒரு மலையடியில் மாட்டுக் கடனோடு ஒன்றானார்கள்.

1833இல் பாரிசிலிருந்து புராட்டஸ்டண்ட் மிஷனரிகள் மூன்று பேர் வந்தார்கள், அவர்களையும் இவரே ஆள் அனுப்பித்தான் வரவழைத்தார். துப்பாக்கியோடு வரும் வெள்ளைக்காரர்களிடம் கடிதம் எழுத ஆள் வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவர்களில் ஒருவரான யூஜின் கசாலிஸ் கிட்டத்தட்ட வெளியுறவுச் செயலாளர் வேலையே பார்த்தார். அந்த மிஷன் மொரிஜா என்ற ஊரில் நிறுவிய அச்சகம்தான் செசோத்தோ எழுத்துக்கே தாய்வீடு, 1863இலேயே அங்கே செசோத்தோ செய்தித்தாள் ஆரம்பித்துவிட்டார்கள். கடித விஷயத்துக்கு ஒரு உதாரணம்: 1852இல் பிரிட்டிஷ் ஆளுநர் கேத்கார்ட் படையோடு வந்து மாடுகளைப் பறிக்கப் பார்த்தார், பெரேயா மேட்டில் நடந்த சண்டையில் பிரிட்டிஷாருக்கு நல்ல அடி. அன்று இரவே மொஷ்வேஷ்வே, நீங்கள் உங்கள் பலத்தைக் காட்டிவிட்டீர்கள், எங்களைத் தண்டித்தது போதும், சமாதானமாகப் போகலாம் என்ற ரீதியில் ஒரு கடிதம் அனுப்பினார். ஜெயித்தவன் தோற்றவன் மாதிரி எழுதிய கடிதம். கேத்கார்ட்டும் மானம் தப்பியது என்று படையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அவரால் சமாளிக்க முடியாதது நில ஆசைதான். மேற்கே போயர்கள் 1854இல் ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் என்று சொந்தக் குடியரசு அமைத்தார்கள். 1858இல் ஒரு போர், 1865 முதல் 1868 வரை இன்னொன்று. இரண்டாவதில் பயிரை எரித்து மாட்டைப் பிடித்துப் பட்டினி போட்டார்கள். வேறு வழியில்லாமல் அவர் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த பிரிட்டிஷ் பாதுகாப்பு 1868 மார்ச்சில் கிடைத்தது. ராணியின் போர்வையில் என் மக்கள் பேன்களாக ஒட்டிக்கொள்ளட்டும் என்ற அர்த்தத்தில் அவர் கேட்டதாக அங்கே எல்லாரும் சொல்லும் கதை. ஆனால் அடுத்த வருடம் எல்லை போட்டபோது கலெடன் ஆற்றுக்கு (அவர்கள் மொஹோகாரே என்பார்கள்) மேற்கே இருந்த நல்ல வயல்காடெல்லாம் ஃப்ரீ ஸ்டேட்டுக்குப் போய்விட்டது. இன்று தென்னாப்பிரிக்காவின் முக்கியமான தானியக் களஞ்சியம் அந்தப் பக்கம்தான். லெசோத்தோவுக்கு மிஞ்சியது மலையும் ஒரு ஓரமாகக் குறுகலான தாழ்நிலமும், நாட்டில் உழுது பயிர் செய்யக்கூடிய நிலம் சுமார் பத்தில் ஒரு பங்குதான். 1870இல் மொஷ்வேஷ்வே இறந்தார்.

இப்போதுதான் உங்கள் கேள்விக்கான முக்கியமான திருப்பம் வருகிறது, பலரும் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். 1871இல் பிரிட்டன் யாரையும் கேட்காமல் இந்த நாட்டைத் தூக்கி, தெற்கே கேப் டவுனிலிருந்து ஆளப்பட்ட தன் கேப் காலனியிடம் கொடுத்துவிட்டது. அது அப்படியே இருந்திருந்தால் இன்று லெசோத்தோ என்பது தென்னாப்பிரிக்காவின் ஒரு மாவட்டம், அவ்வளவுதான். ஆனால் 1880இல் கேப் அரசு பசோத்தோ மக்களின் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொன்னது. அந்தத் துப்பாக்கிகள் கிம்பர்லி வைரச் சுரங்கத்தில் மாதக்கணக்கில் வேலை செய்து கூலியில் வாங்கியவை, யார் கொடுப்பார்கள்? துப்பாக்கிப் போர் என்று பெயரே வைத்தார்கள். குதிரையில் வந்து அடித்துவிட்டு மலைக்குள் மறையும் ஆட்களை கேப் படையால் ஒன்றும் செய்ய முடியவில்லை. செலவு கட்டாமல் போய் 1884இல் எங்களுக்கு இது வேண்டாம் என்று லண்டனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதனால் 1910இல் நாலு காலனிகளைச் சேர்த்துத் தென்னாப்பிரிக்க ஒன்றியம் உருவானபோது லெசோத்தோ அந்தக் கணக்கில் இல்லை. பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்று சட்டத்தில் ஒரு வழி வைத்திருந்தார்கள், பிரிட்டோரியாவும் (தென்னாப்பிரிக்க அரசு) கேட்டுக்கொண்டேதான் இருந்தது, பசோத்தோ தலைவர்கள் ஒவ்வொரு முறையும் மறுத்தார்கள். 1948இல் நிறவெறி அரசு வந்த பிறகு லண்டனுக்கும் கொடுக்க முகமில்லை. 1966 அக்டோபர் 4இல் சுதந்திரம். அந்தத் துப்பாக்கிகளை ஒப்படைத்திருந்தால் இத்தனையும் இல்லை.

வெள்ளையருக்கு நிலம் விற்க முடியாது என்ற வழக்கமும் இதே அளவுக்கு முக்கியம். நிலம் தேசத்தின் சொத்து, மன்னர் அதற்குக் காவலர், ஊர்த் தலைவர்கள் உழுவதற்குப் பங்கிட்டுத் தருவார்கள். சுற்றிலும் இருந்த நாட்டில் கறுப்பின மக்களின் நிலமெல்லாம் சட்டம் போட்டுப் பிடுங்கப்பட்டபோது இங்கே மட்டும் குடியேறிய வெள்ளைப் பண்ணையார்கள் என்று ஒரு கூட்டமே உருவாகவில்லை.

ராஜா விஷயம். இப்போது இருப்பவர் மூன்றாம் லெட்சியே. 1993 அரசமைப்புப்படி அவர் தேசத்தின் சின்னம், அதிகாரம் பிரதமரிடம். ஒரே மனைவி, எஸ்வாட்டினி மாதிரி வருடாந்திரத் திருமணங்கள் எல்லாம் இல்லை. அவர் இரண்டு முறை அரியணை ஏறியவர். அவருடைய அப்பா இரண்டாம் மொஷ்வேஷ்வே 1990இல் ராணுவ அரசால் நாடு கடத்தப்பட, மகனை உட்காரவைத்தார்கள். மகனுக்கு அதில் இஷ்டமில்லை, அப்பாவைத் திரும்பக் கொண்டுவர 1994இல் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசையே கலைக்கப் பார்த்தார், கடைசியில் 1995 ஜனவரியில் அரியணையை அப்பாவிடம் திருப்பிக் கொடுத்தார். ஒரு வருடம்தான், 1996 ஜனவரியில் மலைப்பாதையில் நடந்த கார் விபத்தில் அப்பா இறந்தார், மகன் மறுபடி மன்னர்.

அரசியல்வாதிகளின் வரலாறு அந்த அளவுக்கு மரியாதையானது இல்லை. 1970இல் பிரதமர் லியாபுவா ஜொனாதன் தேர்தலில் தோற்கிறோம் என்று தெரிந்ததும் தேர்தலையே ரத்து செய்தார். 1986இல் ராணுவப் புரட்சி. 1998இல் தேர்தல் தகராறில் தென்னாப்பிரிக்கப் படைகள் உள்ளே வர, தலைநகர் மசேருவின் கடைத்தெரு எரிந்து சாம்பலானது. அதற்கப்புறம் தேர்தல் முறையை மாற்றி 120 இடங்களில் 40 இடங்களை வாக்கு விகிதப்படி கொடுத்தார்கள், விளைவு கூட்டணி ஆட்சிகள், அவை கவிழ்வது, திரும்ப வருவது. 2022இல் வைரத் தொழிலில் பணம் சேர்த்த சாம் மட்டெகானே கட்சி ஆரம்பித்துச் சில மாதங்களிலேயே பிரதமர் ஆனார், பழைய கட்சிகள் மேல் மக்களுக்கு இருந்த வெறுப்பு அப்படி.

பிழைப்புக்கு வருகிறேன். நூறு வருடத்துக்கும் மேல் இந்த நாடு ஏற்றுமதி செய்தது ஆண்களைத்தான். 1980களில் லட்சத்துக்கும் அதிகமான பசோத்தோ ஆண்கள் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் இருந்தார்கள், நாட்டு வருமானத்தில் ஏறக்குறைய பாதி அவர்கள் அனுப்பிய பணம். தங்க விலை சரிந்து சுரங்கங்கள் மூடப்பட்டதும் அது பெருமளவு நின்றது, ஆட்கள் வேலை இல்லாமல் திரும்பினார்கள், கூடவே நுரையீரலில் கல்தூசியும் காசநோயும் வந்தது. எச்ஐவி இங்கே வயது வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு. குடும்பத்தைப் பிரித்து ஆண்களை விடுதியில் அடைத்துவைத்த அந்த வேலை முறைக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. இன்னொரு விசித்திரம், இங்கே பெண்கள்தான் அதிகம் படித்தவர்கள். பையன்களைச் சின்ன வயதிலேயே மலைக்கு மாடு மேய்க்க அனுப்பிவிடுவார்கள், பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள்.

அடுத்து தண்ணீர். இதை அங்கே வெள்ளைத் தங்கம் என்கிறார்கள். ஜோகன்னஸ்பர்க் பக்கத்தில் தங்கம் இருந்ததே தவிரத் தண்ணீர் இல்லை, இங்கே மலையில் பெய்யும் மழை செங்கு ஆறாக (அதுதான் கீழே போய் ஆரஞ்சு ஆறு) எதிர்ப்பக்கம் ஓடியது. அதை அணை கட்டி நிறுத்தி, மலையைக் குடைந்து வடக்கே திருப்பிவிடலாம் என்பது பழைய யோசனை, விலையில்தான் பேச்சு முடியவில்லை. 1986 ஜனவரியில் தென்னாப்பிரிக்கா எல்லையை மூடியது, ஜொனாதன் அரசு நிறவெறிக்கு எதிரான ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் ஆட்களுக்கு இடம் கொடுக்கிறது என்பது புகார். மூன்று வாரத்துக்குள் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதே வருடம் அக்டோபரில் தண்ணீர் ஒப்பந்தம் கையெழுத்தானது. நீங்களே கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதில் கட்டிய கட்சே அணை 185 மீட்டர் உயரம், வளைந்த கான்கிரீட் சுவர், அழகு என்றால் அழகுதான். அடுத்து மொஹாலே அணை. வருடத்துக்குச் சுமார் 78 கோடி கன மீட்டர் தண்ணீர் தானாகவே சரிந்து தென்னாப்பிரிக்காவில் வால் என்ற ஆற்றின் அணைக்குப் போகிறது, வழியில் முயெலாவில் 72 மெகாவாட் மின்சாரமும் கிடைக்கிறது. இப்போது பொலிஹாலி என்று மூன்றாவது பெரிய அணை கட்டுகிறார்கள். பணம் வருகிறது, ஆனால் அணைக்காக நிலம் இழந்த மலைக் கிராமங்களில் குழாய்த் தண்ணீர் இல்லாதவை இருக்கின்றன, மசேருவிலேயே தட்டுப்பாடு வந்து அதற்குத் தனியாக மெட்டொலாங் அணை கட்ட வேண்டியிருந்தது. ஒரு விஷயத்தில் மட்டும் இந்தக் குட்டி நாட்டை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். அணைத் திட்டத்தில் லஞ்சம் வாங்கிய தலைமை நிர்வாகி மசுப்பா சோலேவை 2002இல் சிறைக்கு அனுப்பியதோடு நிற்கவில்லை, லஞ்சம் கொடுத்த கனடா நிறுவனம் ஏக்கர்ஸ், ஜெர்மன் நிறுவனம் லாமையர் இரண்டையும் தன் சொந்த நீதிமன்றத்தில் நிறுத்தித் தண்டித்தது. வழக்குச் செலவு தாங்காது என்று எல்லாரும் சொன்னபோதும் விடவில்லை. பணக்கார நாடுகளே வாங்கியவனைப் பிடித்துவிட்டுக் கொடுத்தவனை விட்டுவிடும் காலம் அது.

மூன்றாவது ஜீன்ஸ். அமெரிக்கா 2000இல் ஆப்பிரிக்க நாடுகளுக்கு வரியில்லா இறக்குமதிச் சலுகை கொடுத்ததும் தைவான் முதலாளிகள் மசேருவிலும் மபுட்சோவேயிலும் தைக்கும் ஆலைகள் போட்டார்கள், பெரும்பாலும் பெண்கள் வேலை பார்த்தார்கள். லீவைஸ், ராங்ளர் கால்சட்டைகள் இங்கே தைத்தவையாக இருக்கலாம். 2025 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் டிரம்ப், யாருமே கேள்விப்படாத நாடு என்று இதைச் சொல்லிச் சிரிக்க வைத்தார், அடுத்த மாதமே 50 சதவீத வரி அறிவித்தார். ஏன் இவ்வளவு என்றால், லெசோத்தோ அமெரிக்காவுக்கு விற்கிறது, அங்கிருந்து வாங்க அதனிடம் காசில்லை. வர்த்தகப் பற்றாக்குறையை இறக்குமதியால் வகுத்துப் பாதியாக்கும் ஒரு பள்ளிக்கூடக் கணக்கில் ஏழை நாடுதான் முதலில் மாட்டும். ஆகஸ்டில் அதை 15 சதவீதமாகக் குறைத்தார்கள், அதற்குள் ஆர்டர்கள் போய்விட்டன. வேலையில்லாத் திண்டாட்டத்துக்காக அந்த ஜூலையில் அரசு தேசியப் பேரிடர் நிலை அறிவித்தது.

வைரமும் உண்டு. சுமார் 3,100 மீட்டர் உயரத்தில் லெட்செங் என்ற சுரங்கம், எண்ணிக்கை குறைவு, ஆனால் கிடைப்பதெல்லாம் பெரிய கல். 2018இல் 910 காரட்டில் ஒன்று கிடைத்து 4 கோடி டாலருக்குப் போனது. பணம் லோட்டி, பன்மையில் மலோட்டி, தென்னாப்பிரிக்க ராண்டுக்குச் சமமாகக் கட்டிவைத்திருக்கிறார்கள், ராண்டே அங்கே செல்லும். அரசு வருமானத்தில் பெரும்பங்கு தென்னாப்பிரிக்கச் சுங்க ஒன்றியத்திலிருந்து வரும் பங்கு. இதனால்தான் பேசாமல் சேர்ந்துவிடலாமே என்று அவ்வப்போது ஒரு குரல் கிளம்பும், செசோத்தோ பேசுகிறவர்கள் லெசோத்தோவைவிடத் தென்னாப்பிரிக்காவில்தான் அதிகம் என்பதும் சேர்ந்துகொள்ளும். அதற்கு நேர் எதிராக, 2023இல் ஒரு எதிர்க்கட்சி உறுப்பினர் ஃப்ரீ ஸ்டேட் எங்களுடையது, திருப்பிக் கொடு என்று மசேரு நாடாளுமன்றத்தில் தீர்மானமே கொண்டுவந்தார். நடக்கிற காரியம் இல்லை. ஆனால் பேச்சு சாகவில்லை.

போய்ப் பார்க்கிற எண்ணம் இருந்தால்: செமொன்கொங்கில் மலெட்சுன்யானே அருவி, 192 மீட்டர் ஒரே வீழ்ச்சி. தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணப் பக்கமிருந்து சானி கணவாய் வழியாக ஏறினால் வளைந்து வளைந்து போகும் பாதை, நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி இல்லாமல் முயல வேண்டாம். மலைக்குள் சாலை முடிகிற இடத்தில் பசோத்தோ குதிரை கிடைக்கும், குட்டையானது, கல்லிலும் தடுமாறாது. வழியில் வீட்டு வாசலில் கம்பத்தில் வெள்ளைத் துணி பறந்தால் உள்ளே சோளத்தில் காய்ச்சிய ஜோவாலா தயார், சிவப்பு என்றால் கறி. சாப்பாடு பெரும்பாலும் பாப்பா, அதாவது மக்காச்சோள மாவுக் களி, கூடவே மொரோஹோ என்கிற கீரை. எல்லாரும் கம்பளிப் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு திரிவார்கள். அதில் ஓடும் கோடு செங்குத்தாக நிற்கும்படிதான் போர்த்த வேண்டும், வளர்ச்சிக்கு அடையாளம், படுக்கை வசமாகப் போர்த்தினால் கிழவிகள் நிறுத்தித் திருத்துவார்கள். நீங்கள் வாங்குவதாக இருந்தால் மெல்லிசானதைக் காட்டி ஏமாற்றுவார்கள், கம்பளி கனத்தைக் கையில் பார்த்து வாங்குங்கள், ஜூலை இரவில் அது தேவைப்படும்.